பத்து ரூபாய்ப் பங்கும் நாற்பது டிகிரி வெயிலும்

1974ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை போட்டு ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். தலைச்சுமை தூக்குகிறவர்கள், கைவண்டி இழுக்கிறவர்கள், காய்கறிக் கூடைக்காரிகள், கந்தல் துணி தைக்கிறவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஐம்பது ஆண்டு கழித்து, 2024 கோடையில், அந்த வங்கியைத் தொடங்கிய பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த 46,339 பேருக்கு வெயில் அடித்ததற்காகக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது. யாரும் மனு எழுதவில்லை, யாரும் வந்து சேதத்தைப் பார்வையிடவில்லை. வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டியது, பணம் வந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு சங்கத்தின் வரலாறு. உழைத்துச் சாப்பிடும் ஏழைக்குப் பணம் எப்படி வந்து சேர வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் சங்கம் வாழ்ந்து காட்டிய பதிலும் அதுதான். இன்று காலநிலை நிதி என்ற பெயரில் உலக மாநாடுகளில் கோடி கோடியாய்ப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பத்து ரூபாயை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாளி இல்லாத தொழிலாளி

அன்றைய அகமதாபாத் ஆலை நகரம். காந்தி வழிகாட்டியாக இருந்து, அனசுயா சாராபாய் முன்னின்று, 1920ல் உருவாக்கிய ஆலைத் தொழிலாளர் சங்கமான மஜூர் மகாஜன் அங்கே பெரும் சக்தி. அதன் பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் இலா பட், வழக்கறிஞர். ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்குச் சங்கம் இருந்தது, சட்டம் இருந்தது. ஆலையிலிருந்து வெளியே வரும் துணி மூட்டையைக் கடை கடையாகத் தலையில் சுமந்த பெண்களுக்கு எதுவும் இல்லை. எத்தனை நடை நடந்தாள் என்பதை வியாபாரி சொன்னதுதான் கணக்கு.

அந்தத் தலைச்சுமைப் பெண்களிடமிருந்துதான் 1972ல் சேவா பிறந்தது. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம். தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது தொழிலாளர் துறை மறுத்தது. முதலாளி என்று ஒருவர் இல்லையே, பிறகு யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டார்கள். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் கூடுவதில்லை, உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்காகவும்தான் என்று வாதாடி, பல மாதப் போராட்டத்துக்குப் பிறகு ஏப்ரல் மாதம் பதிவைப் பெற்றார்கள்.

பதிவுக்காக நடந்த அந்த வாதத்தில் பின்னால் வரப்போகும் எல்லாவற்றின் விதையும் இருந்தது. நாட்டின் உழைப்பாளிகளில் பெரும் பகுதியினருக்கு முதலாளி கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, விடுப்பு கிடையாது. வேலைக்குப் போகாத நாளின் நட்டத்தைக் கேட்டுப் போக அவர்களுக்கு ஒரு வாசல் இல்லை. காலநிலை மாற்றத்தின் முதல் அடி விழுவது அவர்கள் மேல்தான் என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர்களை ஆளாகவே கணக்கில் சேர்க்காத ஏற்பாடு அதற்கு வெகு முன்பே இருந்தது.

கையெழுத்துப் பழகிய இரவு

காய்கறி விற்கும் பெண் காலையில் 50 ரூபாய் கடன் வாங்குவாள், மாலையில் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பாள். ஒரே பகலில் பத்து சதவீதம். நம் ஊர்ச் சந்தைகளில் மீட்டர் வட்டி, தண்டல் என்று வழங்கும் அதே கொடுமை. வங்கிகள் 1969ல் தேசியமயமாகி, ஏழைகளுக்கும் கடன் கொடுக்கச் சொல்லி ஆணை வந்திருந்தது. சேவா தன் உறுப்பினர்களை அந்த வங்கிகளுக்கு அழைத்துப்போனது. அழுக்குச் சேலையோடு, இடுப்பில் குழந்தையோடு, வியாபாரம் முடிந்த நேரத்தில் வந்து நின்ற பெண்களை நடத்த அங்கே யாருக்கும் தெரியவில்லை. வங்கி நேரமும் இவர்கள் நேரமும் ஒத்துவரவில்லை.

அப்போதுதான் கூட்டமொன்றில் ஒரு பெண் எழுந்து, நமக்கே ஒரு வங்கி இருந்தால் என்ன என்று கேட்டாள். நம்மிடம் ஏது பணம் என்று தயங்கியவர்களிடம், நாம் ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் பாருங்கள் என்று சொன்னாளாம். அந்தச் சொல்லையே பின்னாளில் இலா பட் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

கூட்டுறவு வங்கியாகப் பதிவு செய்யும் இடத்திலும் தடை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்த முடியும் என்று கேள்வி வந்தது. பொறுப்பேற்க முன்வந்த பதினைந்து பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகி, மறுநாள் பதிவாளர் முன் கையெழுத்திட்டார்கள். மற்ற உறுப்பினர்களுக்குப் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டி அடையாளம் காணும் வழியை வங்கி கண்டுபிடித்தது. கணக்கில் இருக்கும் பணம் கணவன் கைக்கோ கந்துவட்டிக்காரன் கைக்கோ போகாமல் அவள் பெயரிலேயே இருந்தது. அதுதான் பெரிய மாற்றம்.

வங்கி ஓடத் தொடங்கியதும் வேறொன்று தெரிந்தது. கடனைத் திருப்பிக் கட்டத் தவறியவர்களைத் தேடிப்போனால் நோய், பிரசவம், மரணம், வெள்ளம் என்றே காரணங்கள் வந்தன. கட்ட மனமில்லாதவர்கள் அரிது. ஆகவே சேமிப்பிலிருந்து உடல்நலத்துக்கும், உடல்நலத்திலிருந்து குழந்தைக் காப்பகத்துக்கும், அங்கிருந்து காப்பீட்டுக்கும் சங்கம் நகர்ந்தது. 1992ல் சேவாவின் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2001 ஜனவரி 26ல் கட்ச் பூகம்பம் குஜராத்தை உலுக்கியபோது, காப்பீடு செய்திருந்த பெண்களின் வீடு தேடிப்போய் இழப்பைக் கணக்கெடுத்துப் பணம் கொடுத்தார்கள்.

தெருவில் இந்தப் பெண்களுக்கு இடம் வாங்கித் தந்த போராட்டங்களும் உடன் நடந்தன. மாணெக் சௌக் சந்தையின் காய்கறிக்காரிகளுக்காக எண்பதுகளில் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981ல் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் மூண்டபோது இலா பட் தலித் மக்கள் பக்கம் நின்று பேசினார். அதன் விளைவாகத் தாய்ச் சங்கமான மஜூர் மகாஜனிலிருந்தே சேவா வெளியேற்றப்பட்டது. சேவா தனியே நின்றது, வளர்ந்தது. இன்று அதன் உறுப்பினர் எண்ணிக்கை 30 லட்சத்தை ஒட்டியது.

வெயில் முன்பும் அடித்தது

அகமதாபாத்துக்கு வெயில் புதிதில்லை. அன்றும் மே மாதத்தில் தலைச்சுமைக்காரியின் உள்ளங்கால் கொப்பளித்தது. ஆனால் அன்று வெயிலுக்கு ஒரு நேரம் இருந்தது. நடுப்பகலில் மரத்தடியில் ஒதுங்கி, சாயங்காலம் இறங்கினால் மீதி வேலை நடக்கும். இரவு குளிரும், உடல் ஆறும். இன்று இரவும் ஆறுவதில்லை. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலில் குடித்த சூட்டை விடிய விடிய வீட்டுக்குள் இறக்குகின்றன. வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிற, அப்பளம் இடுகிற, துணி தைக்கிற பெண்களுக்கு அந்த வீடுதான் பட்டறையும். வெளியே போகாதவள் வெயிலிலிருந்து தப்பினாள் என்று சொல்ல முடியாது.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இடி விழுந்தால், ஆறு உடைத்தால் செய்தி வருகிறது. இவர்கள் படுக்கையிலும் நடைபாதையிலும் ஓசையில்லாமல் போனார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 2013ல் தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை அகமதாபாத் மாநகராட்சி கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, பின்னர் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் திட்டம். சேவாவின் வழியில் 1994ல் உருவான மகிளா வீட்டுவசதி அறக்கட்டளை, குடிசைப் பகுதிப் பெண்களைக் கொண்டே கூரைச் சூட்டைக் குறைக்கும் வேலைகளைச் செய்தது.

நல்ல திட்டம், உயிர் காத்த திட்டம். ஆனால் அதில் ஒரு இடைவெளி இருந்தது. மாநகராட்சி சிவப்பு எச்சரிக்கை விடுகிறது: நண்பகல் 12 மணி முதல் 4 மணி வரை வெளியே போகாதீர்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருப்பார், சம்பளம் குறையாது. காய்கறிக்காரி வீட்டிலிருந்தால் கீரை வாடும், காலையில் வாங்கிய முதல் முழுகும், அடுப்பு எரியாது. வெளியே போனால் உடம்பு போகும், போகாவிட்டால் கூலி போகும். எச்சரிக்கையைக் கேட்டு நடக்கவே கையில் பணம் வேண்டியிருக்கிறது. இந்த எளிய உண்மை அந்தப் பெண்களின் கூட்டங்களில் பேசிப் பேசித் திரண்டது.

வரம்பை யார் குறிப்பது?

2023ல் குஜராத்தின் ஐந்து மாவட்டங்களில் 21,000 சேவா பெண்களுக்காக ஒரு புதுவகைக் காப்பீடு தொடங்கியது. வழக்கமான காப்பீட்டில் நட்டத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும், ரசீது காட்ட வேண்டும், ஒருவர் வந்து பார்க்க வேண்டும். தெருவில் கொத்தமல்லி வாடியதற்கு எந்த ரசீதைக் காட்டுவது? இந்தப் புது முறையில் ரசீதே தேவையில்லை. இந்த மாவட்டத்தில் இத்தனை நாள் தொடர்ந்து இத்தனை டிகிரி என்று ஒரு வரம்பு குறித்துவிடுகிறார்கள். வெப்பம் அதைத் தாண்டினால், பதிவான பெண்கள் அனைவருக்கும் பணம்.

முதல் ஆண்டு யாருக்கும் பணம் வரவில்லை. பெண்களுக்கு வெயில் சுட்டது, காகிதத்தில் இருந்த வரம்பு எட்டப்படவில்லை. பலர் இதைத் திட்டத்தின் தோல்வியாகச் சொல்லக்கூடும். எனக்கு இதுவே முழுக் கதையிலும் முக்கியமான இடமாகத் தெரிகிறது. ஏனென்றால் வரம்பு என்பது இயற்கை கொடுத்த எண் கிடையாது. எத்தனை டிகிரியில் துன்பம் தொடங்குகிறது என்று யாரோ ஒருவர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அளக்கும் கருவி காட்டும் சூடும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் சூடும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தில்தான் ஏழையின் நட்டம் காணாமல் போகிறது.

சங்கம் இல்லாத இடத்தில் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதனால் பயனில்லை என்று பெண்கள் விலகியிருப்பார்கள், நிறுவனம் வேறு சந்தை தேடியிருக்கும். இங்கே பெண்கள் கேட்டார்கள், திட்டம் திருத்தப்பட்டது. 2024ல் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் 22 மாவட்டங்களில் 50,000 பெண்களுக்கு அது விரிந்தது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதும் முதலில் 400 ரூபாய் நேரடி உதவி. கடும் வெப்பம் நீடித்தால் அதற்கு மேல் காப்பீட்டுத் தொகை. ஐசிஐசிஐ லம்பார்ட் காப்பீடு தந்தது, சுவிஸ் ரீ பின்னால் நின்றது, ‘கிளைமேட் ரெசிலியன்ஸ் ஃபார் ஆல்’ என்ற தொண்டு அமைப்பு திட்டத்தை வடிவமைத்துச் செலவின் பெரும்பங்கை ஏற்றது. அந்தக் கோடையில்தான் 46,339 பேருக்குக் காப்பீட்டுத் தொகை போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு 151 ரூபாயிலிருந்து 1,651 ரூபாய் வரை.

தொகை சிறியது என்பதை மறைக்கத் தேவையில்லை. 151 ரூபாயில் ஒரு குடும்பத்தின் கோடை மீளாது. ஆனால் 400 ரூபாய் என்பது பலருக்கு ஏறக்குறைய ஒரு நாள் வருமானம். மிக மோசமான ஒரு நாளில் வீட்டிலிருக்கலாம், குழந்தைக்கு மருந்து வாங்கலாம், கந்துவட்டிக்காரனிடம் போகாமலிருக்கலாம். வெயிலை இழப்பாக ஏற்றுக்கொண்டு, அந்த இழப்புக்கு ஈடு உண்டு என்று ஒத்துக்கொண்டதே ஒரு பெரிய படி.

இதில் ஒரு நியாயக் கேள்வி முள்ளாய் நிற்கிறது. உலகைச் சூடேற்றியதில் மிகக் குறைந்த பங்குள்ளவள் எதற்காகக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்? காரும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை, விமானத்தில் கால் வைத்ததும் இல்லை. என் பதில் இது: அவள் தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது. அவள் போடும் தொகை சிறு பங்குத்தொகையாக மட்டும் இருக்கட்டும். 1974ன் பத்து ரூபாயைப்போல, இது என் ஏற்பாடு, இதில் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அளவுக்கு. மீதியைச் சூடேற்றியவர்கள் தர வேண்டும், அதையும் தானம் என்று சொல்லாமல் தர வேண்டும்.

உப்பு விளையும் பாலை

அகமதாபாத்திலிருந்து மேற்கே போனால் கட்ச்சின் சிறிய ரண். ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் வெடித்த மண். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அது வடிந்ததும், அக்டோபரில், அகரியா குடும்பங்கள் கிணறு தோண்டி, உவர்நீர் இறைத்து, பாத்தி கட்டி, மே மாதம் வரை உப்பு விளைவிப்பார்கள். மரம் கிடையாது, நிழல் கிடையாது, குடிதண்ணீர் லாரியில் வர வேண்டும். எண்பதுகளின் இறுதியிலிருந்தே சேவா இவர்களிடையே வேலை செய்கிறது.

அன்று அகரியாவின் வாழ்க்கையை டீசல் தின்றது. உவர்நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே உப்பு வியாபாரியிடம் டீசலுக்காக முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் கொடுத்தவரே விலையையும் நிர்ணயிப்பார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம், சில ஆண்டு அதுவும் இல்லை. உப்பு கிலோவுக்கு அவர்களுக்குக் கிடைத்தது பைசாக் கணக்குதான்.

இன்று ரண்ணின் பல பாத்திகளுக்குப் பக்கத்தில் சூரியத் தகடுகள் நிற்கின்றன. சேவா உறுப்பினர்களுக்குக் கடன் ஏற்பாடு செய்து தொடங்கிய முயற்சி அரசு மானியமும் சேர்ந்து பரவியது. எந்த வெயில் உடம்பைச் சுடுகிறதோ அதே வெயில் பம்பை ஓட்டுகிறது. டீசல் புகை குறைந்தது. வியாபாரியிடம் கை நீட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. கரியமில வாயுவைக் குறைத்ததற்காக உலகம் இதைப் பாராட்டுகிறது. அகரியா பெண்ணுக்கு இதன் பொருள் கடன் குறைந்தது என்பதுதான். இரண்டும் ஒரே பம்பில் நடந்திருப்பது இந்த முயற்சியின் அழகு.

ஆனால் வானம் அன்று போலில்லை. பருவம் தவறிப் பெய்யும் ஒரே ஒரு மழை பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பைக் கரைத்துவிடும், பல மாத உழைப்பு ஒரு இரவில் தண்ணீராகும். விவசாயிக்குப் பயிர்ச் சேதம் எழுத ஒரு அதிகாரி உண்டு. அகரியா பாத்தி கட்டியிருக்கும் மண்ணுக்கு அவர் பெயரில் பட்டா இல்லை. 1973ல் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நிலம் அது. தலைமுறைகளாக உப்பு எடுத்தும் உரிமை இன்னும் இழுபறியில் கிடக்கிறது. நிவாரணப் பட்டியல் நில ஆவணத்தைப் பார்த்து எழுதப்படும் நாட்டில், ஆவணம் இல்லாதவர் வானத்திடமும் தோற்கிறார், காகிதத்திடமும் தோற்கிறார்.

உலகத்தின் பணம்

2023 பிப்ரவரியில் ஹிலாரி கிளிண்டன் இந்த ரண்ணுக்கு வந்து அகரியா பெண்களைச் சந்தித்தார். பெண்களின் காலநிலைத் தாங்குதிறனுக்காக 5 கோடி டாலர் நிதி என்ற அறிவிப்பு அந்தப் பயணத்தில் வந்தது. பத்து ரூபாயில் தொடங்கிய சங்கத்தைத் தேடி டாலர் வந்தது உண்மையிலேயே பெரிய மாற்றம். அதைக் காண இலா பட் இல்லை. முந்தைய நவம்பரில் மறைந்துவிட்டார்.

உலக மேடையில் எண்கள் இன்னும் பெரியவை. காலநிலைப் பேரிடரால் ஏற்படும் இழப்புகளுக்கென்று தனி நிதியம் வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு, 2022ல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் மாநாட்டில்தான் அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு துபாயில் நாடுகள் தருவதாக உறுதியளித்தது ஏறத்தாழ 70 கோடி டாலர். தேவையோ ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி டாலர் என்று மதிப்பிடப்படுகிறது. 2024ல் பாகு மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் காலநிலை நிதி என்று பணக்கார நாடுகள் ஒத்துக்கொண்டன. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர்.

மொத்தத் தொகையைவிட அது இறங்கும் வழிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2003 முதல் 2016 வரை உலகக் காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளூர் மட்டத்தை நோக்கிப் போகவில்லை என்று லண்டனிலுள்ள பன்னாட்டுச் சூழல் மேம்பாட்டு நிறுவனம் கணக்கிட்டது. பெரிய நிதியத்திலிருந்து பெரிய வங்கிக்கு, வங்கியிலிருந்து அமைச்சகத்துக்கு, அமைச்சகத்திலிருந்து ஆலோசனை நிறுவனத்துக்கு என்று இறங்கி இறங்கி, உப்புப் பாத்திக்கு வரும்போது ஈரம் இருப்பதில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில், பல ஆண்டுத் தணிக்கைக் கணக்கோடு, நூறு பக்கத்துக்குக் கேட்கிறார்கள். 1974ல் கையெழுத்துத் தெரியாதவர்கள் வங்கி நடத்த முடியுமா என்று கேட்ட குரல் வேறு மொழியில் திரும்ப ஒலிப்பதாகவே எனக்குக் கேட்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தானமாக வரும் பணம், தருபவரின் மனம் மாறினால் நின்றுவிடும். ஆட்சி மாறும், நிறுவனத்தின் முன்னுரிமை மாறும். வெயில் மாறாது. அன்றைய வங்கி இன்றும் நிற்பதற்குக் காரணம் அதன் வேர் உறுப்பினர்களின் சேமிப்பில் இருந்ததுதான். வெளியிலிருந்து வரும் நிதி அந்த வேருக்கு ஊற்றும் நீராக இருக்க வேண்டும், வேரையே மாற்ற வரக் கூடாது.

நம் ஊரில்

இந்தக் கதையைக் குஜராத்துக் கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பளம் உண்டு, அதில் பெருமளவு உழைப்பு பெண்களுடையது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடே குறைந்திருந்தது. அருகில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெப்பத்தில் அது உடலுக்குச் செய்யும் துரோகம், வேறு வழியில்லாமல் செய்வது.

மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தமிழ்நாடு அரசு தருகிறது. அது நல்ல முன்மாதிரி: வானத்தால் வேலை போனால் அரசு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றிருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அரசு ஆணையிட்டது. வரவேற்கிறேன். ஆனால் அந்த 4 லட்சம் உயிர் போன பிறகு வருவது. உயிரோடிருக்கும்போது, மே மாதத்து நண்பகலில் வீட்டிலிருக்க ஒரு நாள் கூலி கொடுத்தால் பல வீடுகளில் அந்தச் சாவே நேராது.

அதற்கான வாய்க்கால்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 1978லேயே ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் பேரவையைத் தொடங்கி, கூடைக்காரிகளையும் மீன்காரிகளையும் கடன் குழுக்களாகத் திரட்டினார். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் உண்டு. கட்டடத் தொழிலாளர் வாரியத்துக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரியாக வருகிறது. அந்த வாரியத்தின் பதிவேட்டை வைத்துக்கொண்டு, 40 டிகிரி தாண்டிய நாளில் சித்தாளின் கணக்கில் ஒரு நாள் கூலி போடுவது நம்மால் முடியாத காரியமா? வரம்பை எத்தனை டிகிரியில் வைப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தச் சித்தாளும் உட்கார வேண்டும். கடலோர ஈரத்தில் 38 டிகிரியே உடம்பை முறிக்கும் என்பதை அவளைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை.

பதினோரு கேள்விகள்

சேவாவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையைத் தொடங்கினாலும் முடித்தாலும் பதினோரு கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். உறுப்பினருக்கு வேலை கூடியதா, வருமானம் கூடியதா, சத்தான சாப்பாடு கிடைக்கிறதா, உடல்நலம் காக்கப்படுகிறதா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளுண்டா, வீடும் தண்ணீரும் சுகாதாரமும் உண்டா, அவள் பெயரில் சொத்து சேர்ந்ததா என்று முதல் ஏழு. சங்கத்தின் பலம் கூடியதா, தொழிலாளியின் தலைமை வளர்ந்ததா, சங்கமாகவும் தனி ஆளாகவும் சொந்தக்காலில் நிற்க முடிகிறதா, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாளா என்று கடைசி நான்கு.

காலநிலை நிதி தருபவர்கள் முதல் ஏழு கேள்விகளின் ஏதாவது ஒரு பகுதியை அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எத்தனை கூரைக்கு வெள்ளை அடித்தோம், எத்தனை பம்பு கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பணம் போனது. அவையும் வேண்டும். ஆனால் 2023ல் பணம் வராதபோது கேள்வி கேட்டு 2024ல் விதியை மாற்ற வைத்தது கடைசி நான்கின் பலன். அந்தப் பலத்தை எந்த நிதியமும் ஒரே ஆண்டில் வாங்கித் தர முடியாது. அரை நூற்றாண்டு மாதாந்திரக் கூட்டங்களாலும் சேமிப்பாலும் வழக்குகளாலும் சேர்ந்தது அது.

ஆகவே காலநிலைக்காக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பகுதி சங்கம் கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். கூட்டம் கூட்ட, கணக்கு எழுதப் பழக்க, உள்ளூர்ப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து அமைப்பாளராக்க, பேரம் பேசத் துணைநிற்க. அறிக்கையில் காட்டப் படம் இல்லாத செலவு அது. வெயில் இனி ஆண்டுதோறும் ஏறும். ஏறும் வெயிலுக்கு ஏற்ற விதிகளை ஆண்டுதோறும் கேட்டு வாங்க, பாதிக்கப்படுகிறவர்களின் சங்கத்தால் மட்டுமே முடியும்.